காற்று மறைவில் சில கிலோமீட்டர்

ஆத்தூர் முக்கில் ஆரஞ்சுக் கூம்பைச் சுற்றி சைக்கிளைத் திருப்பியதும் வாடைக் காற்று நெஞ்சில் வந்து முட்டுகிறது. இனி இருபத்திரண்டு கிலோமீட்டர், தூத்துக்குடி போய்ச் சேரும்வரை இதே காற்று, போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டதை எல்லாம் வரும்போது திருப்பி வாங்கிக்கொள்ளும். விடிந்ததும் கடலில் இரண்டு கிலோமீட்டர் நீந்தியாயிற்று, இந்தச் சாலையில் ஒரு முறை போய் வந்தாயிற்று, இது இரண்டாவது சுற்றின் பின்பாதி, இது முடிந்தால் சைக்கிளை வைத்துவிட்டு இருபத்தோரு கிலோமீட்டர் ஓட வேண்டும், அதை இப்போது நினைக்கக் கூடாது. கூம்புக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை நீட்டிய ஆள், யாரோ காலேஜ் வாத்தியார், கூடவே நாலு எட்டு ஓடிவந்து, "அண்ணாச்சி, ஒங்க வயசுல நீங்கதான் மூணாவது. நாலாவது ஆளு நாலு நிமிசம் பின்னால வாராரு. விட்ராதிய" என்றார். மூணாவது. நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களில் மூணாவது. எனக்கு வருகிற ஆவணியில் ஐம்பது முடிகிறது, அடுத்த வருஷம் வேறு பிரிவு, வேறு ஆட்கள், வேறு கதை, ஆகவே இந்த மூணாவது இடம் எனக்கு இந்த வருஷம்தான் வேண்டும், போன வருஷத்து மூணாவதுக்குப் பதிலாக வேண்டும். வாழைக்காய் ஏற்றிய லாரி ஒன்றைப் போலீஸ்காரர் ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார். கிளீனர் தார் பக்கம் எச்சில் துப்பிவிட்டு என்னைப் பார்க்கிறான், ஒரு பெரிய மனுஷன் எதற்கு இப்படிக் குனிந்துகொண்டு போகிறான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். காற்றுக்குக் குனிகிறேன் தம்பி. முன்கை இரண்டையும் நீட்டி, தலையைத் தோளுக்குள் இழுத்து, முதுகை மேசைபோல் ஆக்கிக்கொண்டால் காற்றுக்குப் பிடிமானம் குறையும். வலது முட்டிக்கு உள்ளே ஒரு ஊசி இருக்கிறது, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு முறை சொல்லிவிட்டுப் போகிறது. நெஞ்சில் கட்டிய பட்டை கைக்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகிறது. நாடி நூற்று ஐம்பத்தெட்டு. வேகம் இருபத்தெட்டு. இப்படியே போனால் போதும்.

பன்னிரண்டு மீட்டர். இந்தப் போட்டியில் எல்லோருக்கும் தெரிந்த விதி அது, தெரியாததுபோல் இருக்கிற விதியும் அதுதான். முன்னால் போகிற சைக்கிளுக்கும் நமக்கும் பன்னிரண்டு மீட்டர் விட வேண்டும், அரை ரயில் பெட்டி நீளம் என்று நான் வைத்துக்கொள்வது. அதற்குள் நுழைந்தால் இருபத்தைந்து நொடியில் அவனைத் தாண்டிப் போய்விட வேண்டும், முடியாவிட்டால் பின்வாங்கிவிட வேண்டும். ஏனென்றால் முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறான், அவன் முதுகுக்குப் பின்னால் காற்று இல்லை, அங்கே ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு மூன்றில் ஒரு பங்கு பாடு மிச்சம். டிராஃப்டிங் என்று விதிப் புத்தகத்தில் இருக்கும். எங்கள் கிளப்பில் ஓசிக்காத்து. மாட்டினால் சைக்கிள் பாதை முடிகிற இடத்தில் தண்டனைக் கூடாரம் இருக்கிறது, அதில் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். மாட்டுவதில்லை. இவ்வளவு நீளச் சாலைக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டே நடுவர்கள், அவர்கள் வருகிற சத்தம் அரைக் கிலோமீட்டருக்கு முன்னாலேயே கேட்கும், ஒட்டியிருந்தவன் எல்லாம் மணி கோத்தமாதிரி விலகிவிடுவான், அவர்கள் போனதும் திரும்ப ஒட்டுவான். எனக்கு ஓசி ஆகாது. இருபத்தாறு வருஷமாக ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறேன், பெட்டிக்குள் ஏறின உடனே யாரிடம் டிக்கெட் இல்லை என்று தெரிந்துவிடும், இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்ப்பான், பார்க்கிறதுக்கு அங்கே ஒன்றும் இருக்காது, உடைமரம்தான் இருக்கும். கிளப்பில் எனக்குப் பேரே டிடிஆர். இன்னாசி என்று வீட்டில் வைத்த பேரை அங்கே யாரும் கூப்பிடுவதில்லை. நான் வந்து நின்றால் ஒருத்தன் சொல்லுவான், "ஏலே, டிடிஆர் வந்துட்டாரு, டிக்கெட்டக் கையில வச்சிக்கிடுங்க." சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். போன வருஷம்வரை.

போன வருஷம் என்று தொடங்கினால் அது நிற்காது, தெரியும், ஆனால் காற்றுக்கு எதிரே மிதிக்கும்போது நினைப்புக்குக் கடிவாளம் கிடையாது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், பரிசளிப்பு. எங்கள் பிரிவில் மூணாவது ரெஜினால்டு, என் தங்கை பிலோமியின் புருஷன், துறைமுகத்தில் இழுவைப் படகில் எஞ்சின் பார்ப்பவன், என்னைவிட மூன்று வயது இளையவன். நாலாவது நான். மெடல் அவன் கழுத்தில் விழுந்து கைதட்டல் ஓய்வதற்குள் நான் போய் மைக்கைக் கேட்டேன். மாப்பிள்ளையைப் பாராட்டி நாலு வார்த்தை பேசப்போகிறேன் என்று நினைத்துக் கொடுத்தார்கள். நான் சொன்னேன், எண் இருநூற்றுப் பதினேழு, எதிர்ப்பக்கத்தில் வரும்போது மூன்று இடத்தில் பார்த்தேன், மூன்று இடத்திலும் ஒரே கும்பலுக்குள் ஒட்டிக்கொண்டு வந்தார், அவர் என் சொந்தத் தங்கை வீட்டுக்காரர், வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பேன், சொந்தக்காரர் என்பதால்தான் சொல்கிறேன். அந்தக் கடைசி வாக்கியத்தை வீட்டிலிருந்தே தயார் செய்ததுபோல் சொன்னேன், உண்மையில் அது அந்த நேரத்தில் வந்ததுதான். பிறகு மைக்கிலேயே கேட்டேன், "எவ்வளவு நேரம் மாப்பிள உள்ள இருந்த?" ரெஜி எழுந்து நின்றான். இல்லை என்று சொல்லவில்லை. "தெரியல மச்சான்" என்றான். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "தெரியலையாம். டிக்கெட் இல்லாம வாரவன் எல்லாம் இதத்தான் சொல்லுவான், தூங்கிட்டேன் சார், ஸ்டேஷன் தாண்டிட்டு சார்" என்றேன். பந்தல் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது, நல்ல சிரிப்பு, எனக்காகச் சிரித்த சிரிப்பு. ரெஜி மெடலைக் கழற்றி மேசையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். கமிட்டிக்காரர்கள் கூடிக் கூடிப் பேசிவிட்டு, விதிப்படி நாலாவது வந்தவருக்கு என்று அதை எடுத்து என் கழுத்தில் போட்டார்கள். நான் குனிந்து கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. விதி என்றால் விதி என்று அப்போது நினைத்தேன். பிலோமி ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றாள். "கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்லண்ணே. வீடு ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கு." அவ்வளவுதான் சொன்னாள். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் வந்தது, டிபன் கேரியரில், ஆட்டோக்காரர் கையில்.

அதன்பிறகு ரெஜி போட்டிக்கு வரவில்லை. சைக்கிள் மாடியில் தலைகீழாகத் தொங்குகிறது என்று கேள்வி. கிளப் குரூப்பில் இரண்டு நாள் எனக்குக் கைதட்டல் படங்கள், மூன்றாவது நாள் வேறு பேச்சு, மெடலுக்காக மச்சான் மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுத்தார் என்று ஒருத்தன் எழுதி உடனே அழித்துவிட்டான், அழிப்பதற்குள் நான் படித்துவிட்டேன். இன்று காலையில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பார்த்தேன், தண்டனைக் கூடாரத்து வாசலில் வெள்ளைத் தொப்பியும் கழுத்தில் ஸ்டாப்வாட்சுமாக ரெஜி நிற்கிறான். தொண்டு செய்ய ஆள் பத்தவில்லை என்று செயலாளர் கூப்பிட்டாராம். "மாட்டினவன் பாடு மாட்டினவனுக்குத்தான தெரியும்னு அவரையே போட்டுட்டோம்" என்று செயலாளர் எனக்குக் கேட்கும்படி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ரெஜி என்னைப் பார்த்தான், நான் டயரில் காற்றை அழுத்திப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. மூணாவது வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று இந்த ஒரு வருஷமாக மிதித்தேன், யாரும் கழற்றிக் கொடுக்காமல், யாருடைய முதுகுக்குப் பின்னாலும் போகாமல், என் காலால் வந்த மூணாவது. அது வந்துவிட்டால் பழைய மெடலைக் கொண்டுபோய் அவன் வீட்டு மேசையில் வைத்துவிடலாம், அப்போது அது பிச்சை போடுகிறதுபோல் இருக்காது. முக்காணிப் பாலம் வருகிறது. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகப் போகிறது. பாலத்தின் மேல் காற்றுக்கு மறைப்பு எதுவும் இல்லை, சைக்கிள் பக்கவாட்டில் ஒரு அடி நகர்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு நேராக்குகிறேன், வேகம் இருபத்தாறு, ஊசி இப்போது முட்டியிலிருந்து தொடைக்கு ஏறியிருக்கிறது.

வலது பக்கத்தில் சரசரவென்று செயின் சத்தம். நாலு பேர், ஒரே மாதிரி ஆரஞ்சு பனியன், ஒருத்தன் டயருக்கு ஒருத்தன் டயர் ஒரு முழம்கூட இல்லை, கயிற்றில் கட்டி இழுத்ததுபோல் போகிறார்கள். கடைசி ஆள், "ஓரமா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போகிறான், மரியாதையாகத்தான். எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறுகிறது. இருபத்தாறில் நான் சாகிறேன், இவர்கள் முப்பத்தாறில் கதை பேசிக்கொண்டு போகிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிளப், வயசு இருபத்தைந்து முப்பது இருக்கும், என் பிரிவு இல்லை, எனக்கு இவர்களால் நஷ்டம் இல்லை, அப்படி நினைத்து விட்டுவிடலாம். அப்படி நினைத்துத்தான் எல்லோரும் விடுகிறார்கள். சாயங்காலம் மைக்கில் இவர்களைச் சொல்ல வேண்டும். சொந்தக்காரனை மட்டும் சொன்னவன் என்ற பேரும் அதோடு போகும். அதற்கு நம்பர் வேண்டும், ஆரஞ்சு பனியன் என்று சொன்னால் எத்தனையோ ஆரஞ்சு பனியன். நம்பர் இடுப்புப் பட்டையில் முதுகுப்பக்கம் தொங்குகிறது, காற்றில் படபடக்கிறது, இங்கிருந்து வெள்ளையாக ஒரு சதுரம் தெரிகிறது, அவ்வளவுதான். எனக்குத் தூரப்பார்வை போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது, கண்ணாடியைப் போட்டால் வியர்வையில் பனிமூடிவிடும் என்று வெறும் கறுப்புக் கண்ணாடிதான் போட்டிருக்கிறேன். பயிற்சிக்கு வரும்போது ரெஜி சொல்லுவான், எதிரே வருகிற பஸ் போர்டைப் படித்துச் சொல்ல நான் வேணும் ஒங்களுக்கு. எழுந்து நின்று மிதிக்கிறேன். பத்து மிதி, இருபது மிதி, நெஞ்சு வெடிக்கிறது, நூற்று எழுபத்தொன்று, நெருங்குகிறேன், வெள்ளைச் சதுரத்தில் கறுப்புக் கோடு தெரிகிறது, இன்னும், இன்னும். நூற்றுப் பதினெட்டு. கடைசி ஆள் நூற்றுப் பதினெட்டு. அவனுக்கு முன்னால் முந்நூற்று நாற்பத்திரண்டு. மூன்றாமவனுக்குப் பட்டை சுருண்டிருக்கிறது, ஒரு இரண்டும் ஒரு சைபரும் தெரிகிறது, கடைசி எண் மடிப்புக்குள். காற்று புரட்டினால் தெரியும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். பொறுக்கிறேன்.

நூற்றுப் பதினெட்டு திரும்பிப் பார்க்கிறான். "ஏலே, பின்னால ஒரு அண்ணாச்சி வாராரு." முன்னாலிருந்து ஒருத்தன், "வரட்டும்லே, காத்து என்ன நம்ம அப்பன் வீட்டுக் காத்தா." இன்னொருத்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருன்னு தெரியலையா, தூத்துக்குடி டிடிஆர்லே அது. போன வருசத்து வீடியோல பாக்கல?" நாலு பேரும் சிரிக்கிறார்கள். "அண்ணாச்சி, டிக்கெட் எடுத்தாச்சா?" சிரியுங்கள், சாயங்காலம் பார்க்கலாம். பதில் சொல்லவில்லை, மூச்சு வேறு வேலையாக இருக்கிறது, இல்லை, மூச்சு இப்போது பரவாயில்லை, சீராக வருகிறது. நூற்றுப் பதினெட்டின் முதுகில் வியர்வை காய்ந்து உப்பு ஒரு வரைபடம்போல் பூத்திருக்கிறது, தோளிலிருந்து இறங்கி நடுவில் ஒரு வளைவு, பிறகு இடுப்புவரை. ரெஜிக்கும் இதே இடத்தில்தான் பூக்கும். ஆறு வருஷம் அந்த முதுகைப் பார்த்திருக்கிறேன். செவ்வாய், வியாழன், சனி, காலை ஐந்தேகாலுக்கு அவன் தெரு முனையில் நிற்பான், ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு வார் மாட்டாமல் தொங்கவிட்டு, நான் வந்து சொன்ன பிறகுதான் மாட்டுவான், வேண்டுமென்றே. பயிற்சியில் பன்னிரண்டு மீட்டர் எல்லாம் கிடையாது. இரண்டு கிலோமீட்டர் அவன் முன்னால் போவான், இரண்டு கிலோமீட்டர் நான். முறை மாறுவதற்கு முழங்கையை ஒரு தட்டுத் தட்டிக் காட்ட வேண்டும், தட்டிவிட்டு வலப்பக்கம் விலகினால் பின்னால் இருப்பவன் உள்ளே வந்துவிடுவான். வாடைக் காலத்தில் அவன் முறையில் கணக்குத் தவறும், இரண்டுக்கு மூன்று போவான், நாலு போவான், நான் முன்னால் வர எட்டிப் பார்த்தால், "இரிங்க மச்சான், இன்னும் கொஞ்சம்" என்று திரும்பாமலே சொல்லுவான். படகு வேலைக்காரனுக்குத் தோள் அகலம். அதன் பின்னால் காற்று கிடையாது, சத்தமும் கிடையாது, காதுக்குள் அத்தனை நேரம் இரைந்துகொண்டிருந்தது நின்று போய் டயர் சத்தம் மட்டும், தாரில் டயர் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சின்னச் சத்தம். அப்போதுதான் பேச முடியும். பிலோமி மாசமாக இருந்தபோது அப்படித்தான் சொன்னான், முன்னால் பார்த்துக்கொண்டே, "மச்சான், வீட்ல சொல்லிராதிய, எனக்கு பயமாருக்கு." எதற்குப் பயம் என்று கேட்டேன். எல்லாத்துக்கும், என்றான். உப்பளத்தில் பாத்திகள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் போகின்றன. பெண்கள் வரிசையாக நின்று உப்பை வாருகிறார்கள், ஒருத்தி நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து எங்களைப் பார்க்கிறாள். உப்புக் குவியல் மேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறது, கயிறு முறுகி நிற்கிறது, அப்படியானால் காற்று இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பட்டை புரண்டது. இருநூற்று ஒன்பது. முதல் ஆள் வளைவில் விலகியபோது தெரிந்தது, எண்பத்தேழு. நூற்றுப் பதினெட்டு, முந்நூற்று நாற்பத்திரண்டு, இருநூற்று ஒன்பது, எண்பத்தேழு. நாலும் கிடைத்தது. முட்டியில் ஊசி இல்லை. எப்போது போனது என்று தெரியவில்லை.

பழையகாயல் என்று பெயர்ப்பலகை. பெரிய எழுத்து, எனக்கே தெரிகிறது. பழையகாயலா. பாலம் இப்போதுதானே கடந்தேன், முக்காணிப் பாலம், பாலத்துக்கு இந்தப் பக்கம்தானே இவர்கள் தாண்டினார்கள். பாலத்துக்கும் இந்தப் பலகைக்கும் நடுவில் ஐந்தோ ஆறோ கிலோமீட்டர் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்க்கிறேன். வேகம் முப்பத்தேழு. நாடி நூற்று முப்பத்தொன்று. நூற்று முப்பத்தொன்று என்பது நான் வீட்டு மாடிப்படி ஏறி இறங்கினால் வருகிறது. என் முன் டயருக்கும் நூற்றுப் பதினெட்டின் பின் டயருக்கும் நடுவில் ஒரு முழம். பிரேக்கைத் தொட்டேனா, மிதிப்பதை விட்டேனா, தெரியாது, ஆரஞ்சு முதுகு விலகியது, ஒரு மீட்டர், மூன்று, ஏழு, அந்த ஏழாவது மீட்டரில் காற்று திரும்ப வந்தது, கதவைத் திறந்துகொண்டு வருகிறதுபோல் வந்து நெஞ்சில் அறைந்தது. காதுக்குள் இரைச்சல். ஊசி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. நூற்றுப் பதினெட்டு திரும்பிப் பார்த்து, என்ன அண்ணாச்சி, வரலையா என்பதுபோல் கையைக் காட்டினான். பிறகு அவர்கள் சிறுத்துப் போனார்கள், நாலு ஆரஞ்சு, பிறகு ஒரு ஆரஞ்சு.

நம்பரைப் படிக்கத்தான் போனேன். அது உண்மை. இருபத்தைந்து நொடி அனுமதி இருக்கிறது, அதற்குள் இரண்டு நம்பர் கிடைத்தது, மூன்றாவதுக்குப் பொறுத்தேன், அது முப்பது நொடி, நாற்பது நொடி, சரி, ஒரு நிமிஷம் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம் போதாது. பத்து நிமிஷம் வேண்டும். பத்து நிமிஷத்தில் எனக்கு நினைவிருப்பது ஒரு முதுகு, கொஞ்சம் உப்பு, ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்றது. டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டானே, அவன் நக்கலுக்குக் கேட்கவில்லையோ, அல்லது நக்கல்தான், ஆனால் நக்கல் சரியான ஆள்மேல். நடுவர் யாரும் வரவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், சாலை காலியாக வெயிலில் நெளிகிறது. யாரும் பார்க்கவில்லை. அந்த நாலு பேர் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவர்களும் மாட்டுவார்கள். நூற்றுப் பதினெட்டு, முந்நூற்று நாற்பத்திரண்டு, இருநூற்று ஒன்பது, எண்பத்தேழு. சாயங்காலம் இந்த நாலையும் சொல்லலாம், கைதட்டுவார்கள். எப்படிப் படித்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒருத்தன் கேட்க மாட்டான், ஆனால் அவனுக்குத் தெரியும். பஸ் போர்டைப் படிக்க முடியாத கண் இடுப்புப் பட்டை நம்பரைப் படிக்க எவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்க வேண்டும் என்று அவன் கூடாரத்து வாசலில் நின்றுகொண்டே அளந்துவிடுவான். நாலையும் சொல்லாமல் விட்டுவிடலாம். அப்போது அவர்கள் தப்பிப்பார்கள், நானும் தப்பிப்பேன், நாலும் ஒன்றும் ஐந்து. தற்செயல்தானே, நினைத்துச் செய்யவில்லையே. தூங்கிட்டேன் சார். நாலு வருஷத்துக்கு முன்னால் மதுரையிலிருந்து வருகிற பாசஞ்சரில் ஒரு டீச்சர் அம்மா, கோவில்பட்டிவரை டிக்கெட், அதைத் தாண்டி மணியாச்சி வந்ததும் பெட்டி பெட்டியாக என்னைத் தேடிக்கொண்டு வந்தார், நான் அவர் இருந்த பெட்டிக்கே போகவில்லை, இறங்கி வெளியே போயிருந்தால் யாருக்கும் தெரியாது. "கண்ணசந்துட்டேன் சார், எழுதிக்கிடுங்க" என்றார். எழுதினேன். எழுதிக்கொண்டே, எல்லாரும் இதத்தாம்மா சொல்லுதாங்க என்றேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போது அந்தப் பார்வையைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம். நாலாவது ஆள் நாலு நிமிஷம் பின்னால். ஓசிக்காத்தில் நான் வந்ததைச் சேர்த்தால் அவன் இப்போது ஆறு நிமிஷம் பின்னால் இருக்கலாம், அந்த இரண்டு நிமிஷம் என்னுடையது இல்லை. ஓட்டத்தில் அவன் என்னைவிட வேகம், மதுரைக்காரன், மெலிந்த ஆள். ஐந்து நிமிஷம் நின்றால் முடிந்தது. முத்தையாபுரம் தாண்டியாயிற்று, வீடுகள் வருகின்றன, ஒரு டீக்கடையில் நாலைந்து பேர் கைதட்டுகிறார்கள், போங்க போங்க என்கிறார்கள், எனக்குத்தான் தட்டுகிறார்கள். தொண்டை வறண்டு உதட்டில் உப்பு. கூடாரத்தைத் தாண்டித்தான் சைக்கிள் நிறுத்த வேண்டும், தலையைத் திருப்பாமல் போனால் பன்னிரண்டு எட்டு நடைதான். அங்கே இன்னொருத்தன் நின்றிருந்தால் நிற்பேன் என்று தோன்றுகிறது, யாரோ ஒரு பையன், பேர் தெரியாதவன், அவனிடம் நம்பரைச் சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் வானத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம், பெருமையாகக்கூட இருக்கும், சாயங்காலம் அதை யாராவது மைக்கில் சொல்லுவார்கள். ரெஜி முன்னால் எப்படி நிற்பது. அவன் சிரித்தால்? சிரித்தால் பரவாயில்லை. அவன் அதே கேள்வியைக் கேட்டால்? நூற்றுப் பதினெட்டு, முந்நூற்று நாற்பத்திரண்டு, இருநூற்று ஒன்பது, எண்பத்தேழு, நூற்று அறுபத்துமூன்று. கடைசி நம்பர் எங்கிருந்து வந்தது என்று ஒரு நொடி புரியவில்லை. என் இடுப்பில் இருப்பது அது. சிவப்புக் கோடு வருகிறது, அதற்கு முன்னால் இறங்க வேண்டும், இறங்கினேன், கால் மரம்போல் இருக்கிறது, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். இடது பக்கம் நீலக் கூடாரம். உள்ளே யாரும் இல்லை. காலையிலிருந்து யாரும் வந்ததாகவே தெரியவில்லை, தரையில் விரித்த கம்பளத்தில் ஒரு கால்தடம்கூட இல்லை. ரெஜி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். நான் கைப்பிடியைத் திருப்பினேன்.

அவன் எழுந்தான். பலகையில் கிளிப் போட்ட தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பத் தாளைப் பார்த்தான்.

"நம்பர் சொல்லுங்க."

"நூத்தி அறுவத்தி மூணு."

"லிஸ்ட்ல இல்லையே. நடுவர் யாரும் சொல்லல."

"சொல்லியிருக்க மாட்டாங்க. எழுதிக்க."

பேனா மூடியை வாயால் கழற்றினான், எழுதவில்லை. வெளியே ஒலிபெருக்கியில் யாருடைய பேரையோ தப்பாகச் சொல்லித் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

"எந்த எடத்துல?"

"பாலம் தாண்டி. முக்காணிப் பாலம்."

"எவ்வளவு நேரம் உள்ள இருந்திய?"

பத்து நிமிஷம் என்று சொல்லலாம், கணக்குப் போட்டால் அவ்வளவுதான் வருகிறது. பதினொன்று என்றும் சொல்லலாம். ஆனால் கணக்குப் போட்டது பிறகு. அவன் கேட்டது அது இல்லை.

"தெரியல மாப்பிள."

ரெஜி சிரிக்கவில்லை. தாளில் நூற்று அறுபத்துமூன்று என்று எழுதி, பக்கத்தில் நேரம் எழுதி, ஸ்டாப்வாட்சை அமுக்கினான். ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளினான். உட்காரக் கூடாது, விதியில் நிற்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, தலையை ஆட்டினேன். அவனும் உட்காரவில்லை. கூடாரத்துத் துணி ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் ஒட்டியது. உள்ளே காற்று இல்லை.

"முன்னால நாலு பேரு போனானுக" என்றேன். "நம்பர் தெரியும்."

"நான் எழுத முடியாது. நடுவர் பாத்திருக்கணும்."

"சாயங்காலம் மைக் வாங்கணும்னு இருக்கேன். அஞ்சு நம்பரு. போன வருசம் நான் பேசுனதும் ஒண்ணு இருக்கு."

அவன் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தான். தோளில் எலும்பு தெரிந்தது, ஒரு வருஷத்தில் கொஞ்சம் இளைத்திருக்கிறான்.

"நான் உள்ள இருந்தது உண்மைதான்" என்றான். "அத மாத்திச் சொல்லிராதிய."

"அத மாத்தல. சிரிக்க வச்சேம்லா, அத."

அவன் வாளியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்து நீட்டினான். குடித்தேன். மூன்று நிமிஷம் சொச்சம் ஆனபோது, என் ஆறு நிமிஷக் கணக்குக்கு முன்னாலேயே, அந்த மெலிந்த மதுரைக்காரர் சிவப்புக் கோட்டில் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடினார். போகிற போக்கில் கூடாரத்துக்குள் பார்த்தார், யார் நிற்கிறது என்று பார்த்ததும் நடை ஒரு எட்டு தடுமாறியது. இடுப்பில் நம்பர் நன்றாகத் தெரிந்தது, கிட்டத்தில்தானே. சைக்கிளை மாட்டினார், ஷூவை மாற்றினார், தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தார். அவர் வளைவில் மறைகிறவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெஜியும் பார்த்தான், பிறகு கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான், அதிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"அஞ்சு" என்றான். "ஓடுங்க மச்சான். அவரு ஒண்ணர நிமிசந்தான் முன்னால போறாரு."